பருவம் தவறிய மழைக்குப் பின் மண்ணில் நடப்பது என்ன?

வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த பூங்காவில், பருவம் தவறிப் பெய்த மழை ஓய்ந்ததும் நடப்பவரை முதலில் எட்டுவது மண்வாசனைதான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய மண்வாழ் பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுக்கு அதில் பெரும் பங்குண்டு. லட்சம் கோடியில் சில பங்குகள் இருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். காய்ந்த பாறையும் களிமண்ணும் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்க்கும் இதில் பங்குண்டு என்பதை இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1964-இல் காட்டினர்.

இவை காற்றில் ஏறும் விதத்தை 2015-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அதிவேகக் கேமராவில் பதிவு செய்தனர். துளி மண்ணைத் தொட்டதும் நுண்துளைகளில் இருந்த காற்று அதனடியில் சிக்கிக் குமிழாகி, சோடாவின் குமிழைப்போல் மேலெழுந்து வெடித்து, நுண்திவலைகளைத் தெறிக்கச் செய்கிறது. கொட்டும் மழையைவிட மெல்லிய, மிதமான மழையில்தான் இது அதிகம் நிகழ்கிறது.

தேங்கிய நீரின் ஓரத்தில் சாம்பல் தூள்போல் மிதந்து, விரல் நெருங்கினால் துள்ளிச் சிதறுபவை ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிர்கள். ஜியோஸ்மினின் வாசனை அவற்றை ஈர்க்கிறது; அந்த பாக்டீரியாக்களை உண்ண வரும் அவை, அவற்றின் வித்துகளையும் சுமந்து சென்று பரப்புகின்றன.

மூக்குக்குப் புலப்படாத நிகழ்வு ஒன்றும் உண்டு. அதுவே இவற்றுள் முக்கியமானது என்பது என் கருத்து. வறட்சியில் நீரிழப்பைத் தாங்குவதற்காக நுண்ணுயிரிகள் சில கரைபொருள்களைத் தம் செல்களுக்குள் சேர்த்து வைத்திருக்கும். திடீரென்று மழைநீர் உட்புகும்போது, அவற்றை உடனே வெளியேற்றாத செல்கள் வெடித்துவிடுகின்றன. வெளியேறிய சத்தையும், ஈரத்தில் உடைந்த மண்கட்டிகளிலிருந்து விடுபட்ட கரிமப்பொருளையும் எஞ்சிய நுண்ணுயிரிகள் உண்டு பெருகுவதால், சில மணி நேரத்திலேயே மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பெருமளவில் வெளியேறத் தொடங்குகிறது. 1950-களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை விரிவாக ஆராய்ந்த பிர்ச்சின் பெயரால் இது பிர்ச் விளைவு எனப்படுகிறது. மண் நெடுநாள் காய்ந்திருந்தால் இந்த வீச்சும் பெரிதாகும். அடுத்தடுத்த மழைகளில் அது குறைந்துவிடும்.

இத்துடன் நைட்ரஜன் சத்தும் விடுபடுகிறது. ஆனால் நுண்ணுயிரிகள் சில மணி நேரத்திலேயே விழித்துக்கொள்ள, வேர்கள் துளிர்க்கப் பல நாள்களாகும். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சத்தில் ஒரு பகுதி நீரோடு கசிந்தோ வாயுவாக மாறியோ போய்விடுகிறது. மழை சிறிதாயின் மேல்மண் மட்டுமே நனைவதால், ஆழத்தில் வேரோடிய மரத்துக்கு அதனால் பெரும் பயனில்லை. மண் இழந்த கார்பனை ஒளிச்சேர்க்கையால் ஈடுகட்டும் அளவுக்குத் தாவரம் வளர்வதற்குள் ஈரம் உலர்ந்துவிடவும் கூடும்.