டயோசிஸ்: மறைமாவட்டமா, பேராயமா?

இங்கிலாந்துத் திருச்சபை பற்றிய செய்திகளைத் தமிழில் தருவோர் பலர் பிஷப், அவருக்கு மேல்நிலையிலுள்ள ஆர்ச்பிஷப் ஆகிய இருவரையுமே ‘பேராயர்’ என்று எழுதுகின்றனர். அதே போக்கில், ஒரு பிஷப்பின் பொறுப்பிலுள்ள பரப்பான டயோசிஸ் என்பதைப் ‘பேராயம்’ ஆக்கிவிடுகின்றனர். கான்டர்பரிப் பேராயர், லண்டன் பேராயர், ஆக்ஸ்போர்டுப் பேராயர் என்று அடுக்கும்போது மூவரும் ஒரே நிலையினர் என்றே வாசகர் கொள்வார். அத்திருச்சபையில் ஆர்ச்பிஷப் என்போர் கான்டர்பரியிலும் யார்க்கிலும் உள்ள இருவர் மட்டுமே.

டயோசிஸ் கிரேக்கச் சொல். வீட்டு நிர்வாகம் என்னும் பொருளிலிருந்து ஆட்சிப் பொறுப்பு என விரிந்தது. ஏறத்தாழ கி.பி. 300இல் பேரரசர் டயோக்ளீஷியன் மாகாணங்கள் பலவற்றைச் சேர்த்துப் பன்னிரண்டு பெரும்பிரிவுகளாக்கி, அவற்றுக்கு இப்பெயரிட்டார். திருச்சபை பின்னர் இதை எடுத்துக்கொண்டபோது அளவு தலைகீழானது: அரசில் டயோசிஸுக்குள் மாகாணங்கள் அடங்கின, திருச்சபையில் மாகாணத்துக்குள் டயோசிஸ்கள் அடங்குகின்றன. பிஷப் என்பதன் மூலமான எபிஸ்கோபோஸுக்கு மேற்பார்ப்பவர் என்று பொருள். பழைய தமிழ் விவிலியத்தின் ‘கண்காணி’ நேர்ப்பொருள் தருவதே. தேயிலைத் தோட்டத்துக் கண்காணியை அறிந்த தமிழரிடம் அது எடுபட வழியில்லை. இங்கிலாந்துத் திருச்சபை மரபினரான ஆங்கிலிக்கர் வழங்கிய ‘அத்தியட்சர்’ வடசொல்லாயினும் பொருள் பிசகாதது. கத்தோலிக்கரின் ‘மேற்றிராணியார்’, ‘மேற்றிராசனம்’ ஆகியவை சுரியானி வழி வந்த மலையாள ‘மெத்ரான்’ என்பதோடு உறவுடையவை. இன்று அவர்கள் ஆயர், மறைமாவட்டம் என்கின்றனர்; ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்றும், அவருடைய பரப்பை உயர்மறைமாவட்டம் என்றும் பிரித்துக் காட்டுகின்றனர்.

‘பேராயர்’ குழப்பத்தின் ஊற்று வேறிடத்தில் இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. பிஷப்புகளுள் ஒருவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பிரதமப் பேராயர் எனப்படுகிறார். ஆகவே அவர்கள் பிஷப்பைப் பேராயர் என்பதால் அங்கே எவருக்கும் இடறலில்லை, அந்த உரிமையை மறுக்கவும் நான் வரவில்லை. ஒரு சபையின் உள்வழக்கை, இரு படிநிலைகளும் உள்ள இன்னொரு சபையின் வரலாற்றுக்குப் பொருத்தும்போதுதான் சொல் பொய் சொல்லத் தொடங்குகிறது.

லிவர்பூலைப் பாருங்கள். அந்நகரின் கத்தோலிக்க மறைமாவட்டம் 1850இல் நிறுவப்பெற்று 1911இல் உயர்மறைமாவட்டமானது; ஆங்கிலிக்க மறைமாவட்டம் 1880இல் தோன்றி இன்றுவரை அதே நிலையில் நிற்கிறது. 1975இல் இங்கிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் ஆட்டக்காரர் டேவிட் ஷெப்பர்ட் அங்கே ஆங்கிலிக்க பிஷப் ஆனார். மறு ஆண்டு டெரக் வார்லாக் கத்தோலிக்க ஆர்ச்பிஷப் ஆனார். மதப் பிளவு ஆழமாக இருந்த நகரில் இருவரும் இருபதாண்டுக் காலம் இணைந்து உழைத்தது இங்கிலாந்தின் திருச்சபை வரலாற்றில் பெரிய செய்தி. இதைத் தமிழில் சொல்லப் புகுந்தவர் ‘லிவர்பூல் பேராயர் ஷெப்பர்டும் லிவர்பூல் பேராயர் வார்லாக்கும்’ என்று எழுதினால், ஒரே பதவியில் ஒரே நேரத்தில் இருவர் எப்படி அமர்ந்தனர் என்று வாசகர் திகைக்கமாட்டாரா? ‘ஆயர் ஷெப்பர்ட், பேராயர் வார்லாக்’ என்றால் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும்.

இப்பட்டங்கள் வெறும் மரியாதைச் சொற்களும் அல்ல. 1850இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் இங்கிலாந்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவியபோது, ஆங்கிலிக்கர் வசமிருந்த லண்டன் பெயரைத் தவிர்த்து வெஸ்ட்மின்ஸ்டர் பெயரே தெரிவு செய்யப்பட்டது. அப்படியும் நாடாளுமன்றம் கொதித்து, ஆங்கிலிக்கர் அல்லாதார் ஊர்ப்பெயர் சேர்த்து ஆயர் பட்டம் பூண்டால் நூறு பவுண்டு தண்டம் என 1851இல் சட்டமியற்றியது. 1871இல்தான் அது நீக்கப்பட்டது. ஒரு பட்டத்துக்காகச் சட்டமே செய்த நாட்டின் வரலாற்றை எழுதுகிறவர், பட்டங்களைக் கலந்துகட்டி எழுதுவதைச் சிறு பிழை என்று தள்ள என்னால் இயலவில்லை.

மறைமாவட்டத்தில் மாவட்ட ஆட்சியர் வாடை வீசுகிறது என்பர் சிலர். மூலச்சொல்லே அரசு நிர்வாகச் சொல்லாயிற்றே, அந்த வாடை இருந்தால்தான் என்ன? ‘பேராயம்’ என்பதிலோ நிலப்பரப்பு என்ற கருத்தே இல்லை. எண்பேராயம் என்று பழைய நூல்கள் சுட்டுவது அரசனைச் சூழ்ந்த குழுக்களை. தனித்தமிழ் அன்பர்கள் காங்கிரசையும் பேராயக் கட்சி என்கின்றனர். போதாக்குறைக்கு, ஆயரின் தலைமைக் கோயிலான கதீட்ரலைக் குறிக்கும் பேராலயத்துக்கும் இதற்கும் ஓரெழுத்தே இடைவெளி. அச்சில் ஒன்று மற்றொன்றாவது எளிது. சில சபையார் வழங்கும் ‘திருமண்டலம்’ பரப்பையாவது உணர்த்துகிறது. அவ்வகையில் அது பேராயத்தைவிட மேல்.

நம் பக்கத்திலும் இக்கவனம் வேண்டும். கால்டுவெல்லைத் ‘திருநெல்வேலிப் பேராயர்’ என்று குறிப்பது இருவகையில் தவறு: 1877இல் அவர் பெற்றது சென்னை பிஷப்பின் கீழ் உதவி ஆயர் பொறுப்பே; திருநெல்வேலி தனி மறைமாவட்டமானதோ 1896இல், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து.