திரையில் குதிக்கும் விளம்பரம்: அதை வரைவது யார்?

வீட்டுக் கணினியில் கேட்காமலே விளம்பரங்கள் குதிக்க ஆரம்பித்தால், பலரும் முதலில் செய்வது கூகுளில் ‘பாப்-அப் நீக்கும் மென்பொருள்’ என்று தேடி, மேலாக வருவதை டவுன்லோட் செய்து போடுவதுதான். தொல்லை இரட்டிப்பாவதும் அங்கேதான். தேடல் முடிவுகளின் உச்சியில் காசு கொடுத்து இடம்பிடித்தவர்களும் இருப்பார்கள். வைரஸ் நீக்கி என்ற பெயரில் வைரஸையே தருகிறவர்கள் விரும்புகிற இடம் அது.

எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். அந்தப் பெட்டியைத் திரையில் வரைவது யார்? நீங்கள் திறந்த இணையதளமா, பிரவுசரா, பிரவுசருக்குள் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் என்ற சிறு நிரலா, விண்டோஸில் குடியேறிய ஒரு புரோகிராமா, இல்லை வீட்டு ரவுட்டரா? பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் நீக்குவது பெரும்பாலும் சில நிமிட வேலை.

பாப்-அப் விளம்பரம் பிறந்தது 1990களின் பிற்பகுதியில். டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மேன், விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும் நிரலை எழுதினார். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட, நிறுவனம் பதறிப்போனது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனியே காட்டினால் பிரச்சினை தீரும் என்பது அவர்கள் கணக்கு. 2014இல் சக்கர்மேன் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்குள் பிரவுசர்கள் பதிலடி கொடுத்துவிட்டிருந்தன. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கோடு, இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் பாப்-அப் தடுப்பு வந்துவிட்டது. விதி எளிமையானது: பயனர் கிளிக் செய்யாமல் எந்தப் பக்கமும் தானாகப் புது ஜன்னல் திறக்கக் கூடாது.

இன்றைய தந்திரங்கள் பலவும் இந்த ஒரு விதியைச் சுற்றிப் போவதற்காகப் பிறந்தவை. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகக் காட்டும் தளங்களில் பிளே பட்டனை அழுத்தினால் படம் ஓடாது, வேறொரு டேப் திறக்கும். பட்டனின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். உங்கள் கிளிக் அந்தப் படலத்தின் மேல்தான் விழுகிறது. ‘பயனரே கிளிக் செய்தார்’ என்று பிரவுசரும் அனுமதித்துவிடுகிறது. விளம்பரம் அந்தத் தளத்தில் மட்டும்தான் வருகிறது, மற்ற இடங்களில் இல்லை என்றால் உங்கள் கணினிக்கு நோய் எதுவும் இல்லை. அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்தால் போதும்.

இனி, இன்று வீடுகளில் மிக அதிகமாகத் தொல்லை தரும் வகைக்கு வருவோம். கணினியில் ஏதோ வேலையாக இருக்கிறீர்கள். வலது ஓரத்தில், கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்புகிறது. பிரபல ஆன்டிவைரஸின் சின்னம், சிவப்பு எச்சரிக்கைக் குறி, ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்ற வரி. பதற்றப்படாமல் அந்தப் பெட்டியிலேயே பொடி எழுத்தைத் தேடுங்கள். ‘கூகுள் குரோம்’ என்றும், அதன் பக்கத்தில் நீங்கள் கேள்விப்படாத ஓர் இணைய முகவரியும் இருக்கும். உண்மையான ஆன்டிவைரஸ் எச்சரிக்கையில் பிரவுசரின் பெயர் வர வேலையே இல்லை. இது இணையதளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன்.

குரோமில் இந்த வசதி 2015இல் வந்தது. செய்தித்தளமோ மின்னஞ்சலோ, டேப்பை மூடிய பிறகும் உங்களுக்குத் தகவல் அனுப்பலாம் என்பதுதான் நோக்கம். ஒரு தளத்துக்கு ‘அனுமதி’ கொடுத்ததும், அந்தத் தளத்தின் சிறு நிரல் ஒன்று உங்கள் பிரவுசரில் பதிவாகிவிடும். அப்புறம் தளம் அனுப்பும் செய்தி, பிரவுசர் நிறுவனத்தின் சர்வர் வழியாக உங்கள் பிரவுசருக்கு வரும். பிரவுசர் அந்த நிரலை எழுப்பும். விண்டோஸ் பெட்டியை வரையும். இதில் வைரஸ் எங்கேயும் இல்லை. கணினியில் புதிதாக எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை. அதனால்தான் ஆன்டிவைரஸை எத்தனை முறை ஓட்டினாலும் ‘எல்லாம் சுத்தம்’ என்கிறது. அது சொல்வது உண்மைதான். விளம்பரம் தொடர்ந்து வருவதும் உண்மைதான்.

அந்த ‘அனுமதி’யை எப்போது கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி பட்டனை அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டிருக்கும். ரோபோ சோதனைக்கும் நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படிக் கேட்கும் பக்கம் ஏமாற்றுப் பக்கம் என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். சரி, கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எப்படி? குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அதே பக்கத்தில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் அதைத் தயங்காமல் போட்டுவிடுங்கள். அவர்களை ஏமாற்றுவதற்கென்றே ஒரு தொழில் நடக்கிறது. அதில் பாதிக் கதவு இந்த ஒரு தேர்வில் அடைபடும்.

இதன் கொடூரமான அண்ணன் ஒருவன் உண்டு. திரை முழுக்க நீலம் அல்லது சிவப்பு, காதைக் கிழிக்கும் சைரன், ‘கணினியை அணைக்காதீர்கள், மைக்ரோசாஃப்டை அழையுங்கள்’ என்று ஒரு தொலைபேசி எண். அதுவும் ஒரு சாதாரண இணையப் பக்கம்தான். வீடியோவைத் திரை முழுக்கப் பார்க்க உதவும் அதே வசதியால் முழுத்திரைக்கு விரிந்து, மூடும் குறியை மறைத்துக்கொண்டிருக்கிறது. மவுஸ் அம்பைக் காணாமல் அடிப்பதும் பக்கத்தின் வடிவமைப்பில் ஒரு வரி எழுதினால் முடிகிற வேலை. தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மசியவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘பழைய டேப்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒரு மென்பொருளைப் போடச் சொல்வார். உண்மையான ஆபத்து ஆரம்பிப்பது அப்போதுதான்.

மூன்றாவது வகையில் விளம்பரம் எல்லாத் தளங்களிலும் வரும். வங்கித் தளத்தில் பரிசுச் சீட்டு, விக்கிப்பீடியாவில் எடை குறைப்பு மாத்திரை. விக்கிப்பீடியா வணிக விளம்பரமே போடாத தளம். அங்கே மாத்திரை விற்றால், பக்கம் உங்களிடம் வந்து சேர்ந்த பிறகு யாரோ அதைச் சொருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது எக்ஸ்டென்ஷனின் வேலை. இதைச் சோதிப்பது எளிது. அதே பக்கத்தை இன்காக்னிட்டோ ஜன்னலில், அதாவது வரலாற்றைச் சேமிக்காத தனி ஜன்னலில், திறந்து பாருங்கள். நீங்களாகத் தனி அனுமதி கொடுத்தாலொழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. விளம்பரம் மறைந்துவிட்டால் ஆள் அகப்பட்டான்.

எக்ஸ்டென்ஷனை இன்ஸ்டால் செய்யும்போது ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று ஒரு வரி வரும். அதற்குச் சம்மதித்தால், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அது தன் நிரலை ஓட்டலாம். படத்தை மாற்றலாம், இணைப்பை மாற்றலாம், நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கலாம். நல்ல எக்ஸ்டென்ஷன் நாளைக்கும் நல்லதாகவே இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. திறந்திருக்கும் டேப்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய ‘கிரேட் சஸ்பெண்டர்’ பல ஆண்டுகள் நல்ல பெயரோடு இருந்தது. 2020இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை முடக்கியது. பயனர்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. தானியங்கி அப்டேட் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை இன்றே நீக்குங்கள்.

நீக்கும் பட்டனே மங்கிக் கிடந்தாலோ, வீட்டுக் கணினியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று குரோம் சொன்னாலோ, அலுவலகக் கணினிகளுக்கான கட்டுப்பாட்டு வசதியை ஏதோ ஒரு புரோகிராம் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த வரி வருவதுண்டு. ஆன்டிவைரஸ் காரணம் இல்லையென்றால் பிரச்சினை பிரவுசரைத் தாண்டி விண்டோஸுக்குள் போய்விட்டது.

விண்டோஸுக்குள் இவை வருவது பெரும்பாலும் பூட்டை உடைத்து அல்ல. இலவச பிடிஎஃப் மாற்றி, வீடியோ இறக்கி என்று ஏதாவது ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போகிறோம். முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டிகள் வழியாக இரண்டு மூன்று கூடவே வருகின்றன. ஓர் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று காசு கைமாறும் சந்தை இது. 2016இல் கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை ஆராய்ந்தபோது, ஒரு கணினியில் ஏற்றிவிட 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை தரப்படுவது தெரிந்தது. சட்டப்படி நீங்கள் ‘சம்மதம்’ கொடுத்துவிட்டீர்கள். அதனால் பல ஆன்டிவைரஸ்கள் இவற்றை வைரஸ் என்று சொல்லத் தயங்கி, ‘தேவையற்றதாக இருக்கக்கூடியவை’ என்று தனியாக வகைப்படுத்துகின்றன. விண்டோஸ் செக்யூரிட்டியில் இவற்றைத் தடுக்கும் தேர்வு, ‘ஆப் & பிரவுசர் கன்ட்ரோல்’ என்ற பகுதியில் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு வாசலும் உண்டு. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென்டிரைவை வீட்டில் சொருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் வளைந்த அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டைத் திறந்தால் முதலில் ஓடுவது வைரஸ், அதன் பிறகே உங்கள் ஃபோல்டர். திறக்காமல், டிரைவை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

உள்ளே வந்த புரோகிராமை கன்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்தும் மறுநாள் திரும்பி வருகிறதென்றால், அது தன்னை எழுப்பிவிட வேறு இடத்தில் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. முதலில் பிரவுசரின் ஷார்ட்கட்டில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டார்கெட் என்ற கட்டத்தின் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். பிரவுசர் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தளமும் திறப்பது அதனால்தான். முகவரியை மட்டும் அழித்துச் சேமியுங்கள். அடுத்து, குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதியான டாஸ்க் ஷெட்யூலர். மணிக்கு ஒருமுறை, அல்லது நீங்கள் உள்நுழையும்போதெல்லாம், ஏதோ ஒன்றை ஓட்டும்படி அர்த்தமில்லாத பெயரில் ஒரு பணி அங்கே இருக்கலாம். இந்த இடங்களை எல்லாம் ஒரே பட்டியலாகக் காட்ட மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கச் சொன்னால் மிஞ்சுபவை குறைவு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். என்னவென்று தெரியாததை அழிக்க வேண்டாம், டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ஒருநாள் கவனியுங்கள்.

ஸ்கேன் என்று வந்தால் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் ஆழமாக நுழைந்துவிட்ட மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்), கோப்புப் பட்டியலைக் கேட்கும் ஆன்டிவைரஸுக்குத் தன் பெயரை நீக்கிவிட்டே பட்டியலைக் கொடுக்க முடியும். திருடனிடமே சாவியைக் கொடுத்துக் கணக்குக் கேட்பது போலத்தான். அதற்காகத்தான் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி மறுதொடக்கமாகி, வழக்கமான விண்டோஸ் எழும்பாமல், தனியான சிறு சூழலில் நின்று ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும். அங்கே மால்வேர் ஓடவில்லை, அதனால் பொய் சொல்லவும் முடியாது. பதினைந்து நிமிடம்போல ஆகும். விளம்பரப் புரோகிராம்களுக்கென்றே உள்ள ‘ஆட்வ்கிளீனர்’ என்ற இலவசக் கருவியையும் ஓட்டலாம். அதை மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இந்தக் கருவிகளின் பெயரில் போலிகளும் உலவுகின்றன.

கடைசி வகை அரிது. ஒரே வைஃபையில் இருக்கும் கணினி, செல்பேசி இரண்டிலும் ஒரே விளம்பரம் வந்தால் சந்தேகம் ரவுட்டர் மேல் போக வேண்டும். கணினியைச் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். தொல்லை நின்றால் சந்தேகம் வலுக்கும். தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரை யாரோ மாற்றி வைத்திருக்கலாம். ‘டிஎன்எஸ்சேஞ்சர்’ என்ற மால்வேர் இப்படித்தான் ஏறக்குறைய 40 லட்சம் கணினிகளைத் திசைதிருப்பி விளம்பரத்தில் காசு பார்த்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. அந்தப் போலி சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் இணையமே நின்றுவிடும் என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை வைத்து நடத்த வேண்டியிருந்தது. வீட்டில் உங்கள் வேலை: ரவுட்டரை ரீசெட் செய்து, அதன் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, அப்டேட் இருந்தால் போடுவது.

இவ்வளவு நேரம் பேசியது தன்னைக் காட்டிக்கொள்ளும் தொல்லைகளைப் பற்றி. ஸ்கேனில் ‘ட்ரோஜன்’, ‘ஸ்டீலர்’ போன்ற பெயர்கள் வந்தால் விஷயம் வேறு. அவை பெரும்பாலும் விளம்பரம் காட்டாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். திருடிய குக்கியை வைத்துப் பல கணக்குகளுக்குள் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே நுழைய முடியும். அதனால் கணினியைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல், வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். பழைய குக்கிகள் அப்போதுதான் செல்லாக்காசாகும். முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு விண்டோஸையே புதிதாக ஏற்றுவது இன்னும் நல்லது. பணம் போயிருந்தால் கணினியை அப்புறம் பார்க்கலாம். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்திவைக்க முடியும்.