மாடு வீடு திரும்பும், குதிரை திரும்பாது

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரசு நிலத்துப் புல்லைக் கட்டாகக் கட்டியோ எடை போட்டோ விற்பதில்லை. மாதக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேயத் தேவையான புல், ஓர் அலகு. பசுவுக்குப் பதில் குதிரை என்றால் ஒன்று, ஆடு என்றால் ஐந்து. 2019 முதல் 2025 வரை இந்த அலகின் விலை 1.35 டாலர். தனியார் நிலத்தில் மேய்க்க இதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். இந்த 1.35, கூட்டிக் கழித்து வந்த விலைகூட இல்லை. 'இதற்குக் கீழே போகக் கூடாது' என்று 1986இல் ஜனாதிபதி ரீகன் ஓர் ஆணையில் போட்டுவைத்த தரைமட்டம். கிட்டத்தட்ட நாற்பது வருடமாக விலை அந்தத் தரையைத் தொடுவதும் சற்றே எழுவதுமாக இருக்கிறது.

மாடு வளர்ப்பவரோடு இந்தக் கணக்கு முடிந்துவிட்டால் அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. ஆனால் அதே நிலத்தில், அதே அலகில், பணம் கட்டாத ஒரு பிராணியும் மேய்கிறது. காட்டுக் குதிரை.

நிலத்தின் பரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்துறையின் கீழ் இயங்கும் நில மேலாண்மைப் பணியகம், அதாவது பி.எல்.எம்., சுமார் 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு. இதில் 15.5 கோடி ஏக்கரில் மாடும் ஆடும் மேயலாம். அதற்கு ஏறக்குறைய 18,000 உரிமங்கள். குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் பத்து மாநிலங்களில் ஒதுக்கிய இடம் இரண்டரைக் கோடி ஏக்கரை ஒட்டி வரும். அங்கேயும் பெரும்பாலும் மாடு உண்டு. குதிரைகளில் பாதிக்கு மேல் நெவாடா மாநிலத்தில் இருக்கின்றன. வருடத்துக்குச் சில அங்குல மழை, சாம்பல் நிறச் சேஜ் புதர், இடையிடையே கொத்துக் கொத்தாகப் புல் என்று கிடக்கும் பூமி அது.

இந்தக் குதிரைகள் காட்டு விலங்கா, வீட்டை விட்டு ஓடிப்போனவையா என்பது ஓயாத சண்டை. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு. குதிரையினம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஆனால் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பூண்டோடு அழிந்தது. இன்று திரிபவை ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள். பின்னால் குதிரைப் படையும் பண்ணைக்காரர்களும் அவிழ்த்து விட்டவையும் அவற்றோடு கலந்துவிட்டன. நிலத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்த வழக்கில் தீர்ப்பு தேவையில்லை. புல்லுக்கு வம்சாவளி தெரியாது.

சட்டம் வந்த கதை தனி. 1950இல் நெவாடாவின் ரீனோ நகர அலுவலகம் ஒன்றில் செயலாளராக இருந்த வெல்மா ஜான்ஸ்டன், வேலைக்குப் போகும் வழியில் முன்னால் சென்ற லாரியிலிருந்து இரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். பின்தொடர்ந்தார். உள்ளே செல்லப் பிராணிகளின் தீனிக்காக அடிமாட்டுக் கணக்கில் ஏற்றிய காட்டுக் குதிரைகள். 'வைல்ட் ஹார்ஸ் ஆனி' என்று கேலியாக வைத்த பெயரையே அவர் பட்டமாக்கிக்கொண்டார். அவரது போராட்டத்தால் 1959இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுத, 1971இல் இரு அவைகளும் ஒருமனதாக நிறைவேற்றிய பெரிய சட்டத்தில் நிக்சன் கையெழுத்திட்டார். அதன்படி குதிரையைப் பிடிக்கவோ கொல்லவோ தனியாருக்கு உரிமை இல்லை. அதே சட்டம் நிலத்தின் இயற்கைச் சமநிலையைக் காக்க வேண்டும் என்றும், குதிரைகளின் எண்ணிக்கை மிஞ்சினால் அப்புறப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இன்றைக்குள்ள தலைவலி முழுக்க இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிறது.

சரி, எத்தனை குதிரை இருந்தால் மிச்சம்? ஒவ்வொரு பகுதியிலும் புல், தண்ணீர், மாடு, மான் எல்லாவற்றையும் பார்த்து ஓர் உச்ச எண் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 25,500 சொச்சம். 2025 மார்ச் மதிப்பீட்டில் வெளியில் இருந்தவை, கழுதைகளையும் சேர்த்து, 73,000. 2020இல் இதுவே 95,000.

இங்கேதான் வாயைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல் கிடையாது, தடித்த ஈறுதான். நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லில் அழுத்தி இழுத்துப் பிய்க்கும். நாக்குக்குப் பிடி கிடைக்காத குட்டைப் புல்லில் அதன் பாடு திண்டாட்டம். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு; விரல் மாதிரி வேலை செய்யும் உதடும் உண்டு. தரையோடு தரையாகக் கத்தரித்துவிடும்.

வயிறும் வேறு. மாட்டின் புல் முதல் அறையிலேயே நுண்ணுயிர்களிடம் ஊறி, மறுபடி வாய்க்கு வந்து அசை போடப்பட்டு, நிதானமாக இரண்டு மூன்று நாளில் கடக்கும். கிடைக்கும் சத்தைக் கறந்துவிடும். ஆனால் புல் முரடாக இருந்தால் உள்ளே தேங்கிவிடும். தேங்கினால் மாடு அதற்கு மேல் தின்ன முடியாது. குதிரைக்கு நொதித்தல் எல்லாம் பின்னால், பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பெரிய பையிலும் பெருங்குடலிலும். புல் வேகமாக ஓடிவிடும், பாதிச் சத்து லத்தியில் போய்விடும். நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு ஈடாக இன்னும் அதிகம் தின்னலாம். மாடு மெலிந்து சாகும் காய்ந்த புல்லிலும், நாளில் பதினாறு மணி நேரம் வாயை ஓயவிடாமல் மென்று குதிரை தாக்குப்பிடிக்கும். ஒரு பசுவும் ஒரு குதிரையும் ஓர் அலகு என்று ஏட்டில் சமமாக எழுதியிருப்பது எழுத்தருக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் பல்லிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. நாள்காட்டியில் இருக்கிறது. அந்த வறண்ட நிலத்தின் கொத்துப் புல் வசந்தத்தில்தான் தழைக்கும். வேரில் சேமித்த சர்க்கரையைச் செலவழித்து முதல் இலைகளை விடும்; பிறகு அந்த இலைகள் சம்பாதித்து வேருக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இலை வந்ததும் கடித்தால் கடன் நிற்கும். மறுபடி தளிர்த்ததும் அதே கொத்தை மறுபடி கடித்தால் வேர் சுருங்கும். வருடா வருடம் இப்படி நடந்தால் கொத்து செத்துவிடும். அந்த வெற்றிடத்தில் சீட்கிராஸ் என்ற அயல் புல் நுழையும். கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து சருகாகி, தீயைக் காகிதம் போல வாங்கிக்கொள்ளும். ஒருமுறை எரிந்தால் சேஜ் புதர் போய்விடும், மறுவருடம் சீட்கிராஸ் இன்னும் அடர்த்தியாக வரும்.

மாட்டுக்காரரிடம் 'இந்த வசந்தம் இந்தப் பக்கம் வராதே' என்று சொல்ல முடியும். உரிமத்திலேயே எந்தத் தேதியில் ஏற்றுவது, எந்தத் தேதியில் இறக்குவது என்று எழுதியிருக்கும். வறட்சி என்றால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லலாம். குதிரைக்குத் தேதி கிடையாது. பன்னிரண்டு மாதமும் அங்கேயே இருக்கும், பிடித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். ஒரு நிலத்தில் மேய்ச்சலை நிர்வகிப்பது என்றால் எத்தனை வாய் என்பதைவிட எந்த வாரத்தில் வாய் என்பதுதான் முக்கியம். குதிரை விஷயத்தில் அந்த இரண்டாவது கைப்பிடி நிர்வாகியின் கையில் இல்லவே இல்லை.

தண்ணீரிலும் இதே நிலைதான். மாடு ஊற்றை விட்டு அதிக தூரம் போகாது. அதனால் ஊற்றோரத்தை மிதித்துச் சேறாக்குவதில் அது கெட்டிக்காரி. குதிரை பத்து மைல் வரைகூட மேயப் போய்விட்டுத் தண்ணீருக்குத் திரும்பும். கோடையில் எஞ்சிய ஒரு குட்டையைக் கூட்டமாக நின்று மறித்துக்கொள்ளும். பிராங்ஹார்ன் மான்கள் ஓரமாகக் காத்து நிற்கும்.

அப்படியானால் குற்றவாளி குதிரைதானா? நாடு முழுவதற்குமான கணக்கைப் பாருங்கள். கழுதைகளையும் குதிரையாகவே எண்ணி, 73,000 பிராணிகள் பன்னிரண்டு மாதம் மேய்ந்தால் 8.76 லட்சம் அலகு. பி.எல்.எம். நிலத்தில் மாடும் ஆடும் மேய்வது வருடத்துக்கு 80 லட்சம் அலகை ஒட்டி. ஒன்றுக்கு ஒன்பது. சீட்கிராஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுப்பாடில்லாமல் மேய்ந்த மாடும் செம்மறியும்தான். 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்ததே அந்த அழிவைப் பார்த்துத்தான். குதிரை ஆதரவாளர்கள் இந்த ஒன்பதைக் காட்டுவார்கள். பண்ணைக்காரர்கள் தங்கள் ஊற்றங்கரையில் வருடம் பூராவும் நிற்கும் நூறு குதிரையைக் காட்டுவார்கள். இரண்டும் சரி. நாட்டுச் சராசரியில் எந்தப் புல்லும் முளைப்பதில்லை. ஒரு பள்ளத்தாக்கில், ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில்தான் முளைக்கிறது. சராசரி எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

எண்களை எப்படிப் பெறுகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். வானிலிருந்து எண்ணுவார்கள். எண்ணினால் சில கூட்டம் தப்பிவிடும், மர நிழலில் நிற்கும். எத்தனை தப்பின? ஒரு சின்ன வித்தை இருக்கிறது. ஒரே ஹெலிகாப்டரில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. முன்னவர் 40 கூட்டம் பார்த்தார், பின்னவர் 30, இருவரும் பார்த்தது 24 என்று வையுங்கள். பின்னவரின் 30இல் 24ஐ முன்னவர் பிடித்திருக்கிறார். அதாவது ஐந்துக்கு நான்கு அவர் கண்ணில் படும். அப்படியானால் அவரது 40, மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு. மொத்தம் 50. இருவரும் சேர்ந்து பார்த்தது 46. நான்கு கூட்டத்தை யாருமே பார்க்கவில்லை. பார்க்காததையும் எண்ணிவிட்டோம்.

எண்ணிக்கை ஏறுவது எதனால்? நன்றாகத் தின்னும் பெண் குதிரை பதினொரு மாதம் சுமந்து கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு குட்டி போடும். சில மலைப்பகுதிகளில் பியூமா என்ற மலைச் சிங்கம் குட்டிகளைப் பிடிப்பது உண்டு என்றாலும், சமவெளியில் வேட்டையாட யாருமில்லை. வருடத்துக்கு 15 முதல் 20 சதவீதம் கூடும். நான்கைந்து வருடத்தில் இரட்டிப்பு.

அதனால் பிடிக்கிறார்கள். ஹெலிகாப்டர் மைல்கணக்கில் பின்னாலிருந்து மெல்ல ஓட்டிவரும். தரையில் சணல் துணியால் இரண்டு நீண்ட வேலி, வாய் அகன்று போகப் போகக் குறுகும். வாய்ப்பக்கம் ஒருவர் பழக்கிய குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூட்டம் நெருங்கியதும் அதை அவிழ்த்து விடுவார். அது தீனி கிடைக்கும் பட்டியை நோக்கி ஓடும். காட்டுக் குதிரைகள் முன்னே ஓடும் தலைவி என்று நம்பிப் பின்னாலேயே போய்விடும். அதற்கு வைத்திருக்கும் பெயர் 'யூதாஸ் குதிரை'. குட்டி ஈனும் பருவமான மார்ச் முதல் ஜூன் வரை, அவசரம் தவிர, ஹெலிகாப்டருக்குத் தடை.

பட்டியில் பல்லைப் பார்த்து வயது குறிப்பார்கள். கழுத்தின் இடப்பக்கம் மயிரை மழித்து ஆல்கஹால் தடவி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் தோய்த்த இரும்பை வைத்து அழுத்துவார்கள். சூடு போடுவதற்கு நேர் எதிர். குளிர் நிறமணுக்களை மட்டும் கொல்லும். மயிர் மீண்டும் முளைக்கும்போது வெள்ளையாக முளைக்கும். வெள்ளைக் குதிரைக்கு இரும்பைக் கூடுதல் நேரம் வைத்தால் அங்கே மயிரே முளைக்காது. குறியில் இருப்பது பெரும்பாலும் எண்கள் அல்ல, கோணங்கள். கோணம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் எண். திருத்தி எழுத முடியாது.

பிறகு? கொஞ்சம் பேர் தத்தெடுப்பார்கள். மீதி தடுப்புப் பட்டிகளிலும், பணம் கொடுத்து அமர்த்திய தனியார் புல்வெளிகளிலும் ஆயுள் முழுக்க. அப்படி 60,000க்கு மேல். கொல்வதற்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வருடா வருடம் எழுதிவிடுகிறது. குதிரை 25 வருடம்கூட வாழும். ஆகவே திட்டத்தின் பணத்தில் பாதிக்கு மேல் பட்டித் தீனிக்கே போகிறது.

2013இல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இந்தத் திட்டத்தை அலசிச் சங்கடமான ஒன்றைச் சொன்னது. குதிரையைப் பிடித்து அகற்றுவதே பெருக்கத்தைக் காப்பாற்றுகிறது. எஞ்சியவைக்குப் புல் தாராளம்; உடம்பு தேறும்; குட்டி தவறாது. அப்படியே விட்டால் தானாகக் கட்டுப்படுமா? கட்டுப்படும், பட்டினியால், அதற்கு முன் நிலம் போய்விடும்.

கவுன்சில் கைகாட்டியது ஊசியை. பன்றியின் சினைப்பையிலிருந்து எடுக்கும் பி.இசட்.பி. என்ற புரதம். பாலூட்டிகளின் முட்டையைச் சுற்றி ஓர் உறை உண்டு. விந்தணு அதில் ஒட்டித்தான் உள்ளே போக வேண்டும். பன்றியின் உறைப் புரதத்தைக் குதிரைக்குச் செலுத்தினால், குதிரையின் உடல் அதை அயலான் என்று நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் அதன் சொந்த முட்டையின் உறையிலும் போய் ஒட்டிக்கொள்ளும், விந்தணுவுக்கு இடமிருக்காது. ஹார்மோன் மாறாது. முதலில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று, துப்பாக்கியில் சுடும் ஈட்டி ஊசியாக.

ஜே கிர்க்பாட்ரிக் என்ற ஆய்வாளர் 1988இல் மேரிலாந்தின் அசடீக் தீவில் இதைச் சோதித்தார். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் அடையாளம் தெரியும், நாற்பது மீட்டருக்குள் போக முடியும். 1994இல் முழுத் திட்டமாக்கினார்கள். பிறப்பு உடனே குறைந்தது. குதிரைகளின் எண்ணிக்கை மட்டும் 100க்குக் கீழே வரப் பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது. வருடா வருடம் சுமந்து பாலூட்டி இளைத்த பெண் குதிரைகள், அந்தப் பாரம் இறங்கியதும் தேறி, இருபது வயதைத் தாண்டி வாழ ஆரம்பித்துவிட்டன.

நெவாடாவில் குதிரை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஆளைக் கண்டதும் ஓடும். ஈட்டி ஊசிக்கு எட்டாது. ஆகவே அங்கே ஹெலிகாப்டரில் பிடித்து, ஊசி போட்டு, திரும்ப விடுகிறார்கள். சில வருடம் தாக்குப்பிடிக்கும் வேறொரு மருந்துக்கு இரண்டாவது ஊசி வரை அவற்றை ஒரு மாதம் போலப் பட்டியில் நிறுத்த வேண்டும். அந்த ஒரு மாத வைக்கோலும் பட்டிக் கணக்கில்தான் ஏறுகிறது.