உப்புக்காற்றில் சால்டர் இல்லாத பேட்டரி

பாம்பன், மண்டபம் பக்கத்து நாட்டுப்படகில் 12 வோல்ட் விளக்கு எரிய, 32700 அளவில் (32 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம்) 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் எட்டு போதும். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பு, அந்த நான்கு ஜோடியும் தொடராக: 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. 20 வாட் எல்.இ.டி. ஆறு மணி நேரம் தாராளமாக எரியும்.

செல் மேல் சால்டர் (ஈயப்பற்று) வைக்கவே கூடாது. சால்டரிங் முனையின் சூடு 350 டிகிரி. செல்லுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் படலமோ 130 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும். எம்4 திருகு முனையோடு வரும் செல், செம்புப் பட்டை, நட்டு, ஸ்பிரிங் வாஷர் இவைதான் நல்ல வழி. செல்லைச் செருகி வைக்கும் ஸ்பிரிங் ஹோல்டர் வேண்டாம். அந்த மெல்லிய கம்பியே அழுத்தவும் வேண்டும், மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும். சூடேறினால் அதன் விறைப்பு போய்விடும்.

பட்டையும் முனையும் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சில புள்ளிகளில்தான் உண்மையில் தொடுகின்றன. இறுக்கம் தளர்ந்தால் அந்த இடுக்கில் உப்பு ஈரம் புகும். செம்பும் நிக்கல் பூசிய எஃகும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. எஃகு துருப்பிடிக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். எனவே 400 நம்பர் உப்புத்தாளால் பட்டையை மட்டும் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நட்டை இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் பூசுங்கள். ஸ்பேனர் பிடிக்கு டேப் சுற்றுவது கட்டாயம். அது இரண்டு பட்டையில் ஒருசேரப் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக 3.65 வோல்ட் வரை ஏற்றுங்கள். இந்த வகை செல் பாதி காலியானாலும் முக்கால் காலியானாலும் ஏறக்குறைய 3.2 வோல்ட்தான் காட்டும். வோல்ட்டை வைத்து ஜோடி சேர்த்தால் ஏமாந்து போவீர்கள். செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்பலகையான பி.எம்.எஸ். பாஸ்பேட் வகைக்கானதாகவும், சார்ஜர் 14.6 வோல்ட்டாகவும் இருக்கட்டும்.

சோதிக்க 60 வாட் ஹெட்லைட் பல்பு போதும், 5 ஆம்பியர் இழுக்கும். ஓர் இணைப்பின் இரு பக்கமும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். பேட்டரியின் முழு மின்சாரமும் போகும் இணைப்பில் 10 மில்லிவோல்ட் என்றால் தடை 2 மில்லிஓம், நல்லது. 50 காட்டினால் கழற்றித் தேய்க்க வேண்டும். ஜோடிக்குள் ஒவ்வொரு செல்லின் நட்டிலும் இதில் பாதிதான் வர வேண்டும். ஒன்றில் ஒன்றுமே காட்டாவிட்டால் அந்தச் செல் தொடர்பு விட்டிருக்கிறது.

இதை பி.எம்.எஸ். கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிவது ஜோடியின் வோல்ட் மட்டுமே. ஒரு செல் கழன்றாலும் மற்றது மொத்தச் சுமையையும் இழுத்து, பாதி நேரத்தில் படுத்துவிடும். இன்ஜின் அதிர்வில் நட்டு தளரும் என்பதால், வாடையில் வடகடல் (பாக் விரிகுடா) குலுக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை இந்த அளவை எடுங்கள்.