சிலிகாவைக் கரைக்க ஹெச்எஃப் எதற்கு?

சில மாதங்களுக்கு முன் மணலியில் உள்ள எங்கள் சின்ன ஆய்வகத்துக்கு ஒரு மாணவர் வந்தார். வியாசர்பாடியிலிருந்து பைக்கில் வந்தவர், முதுகுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம், சுருக்கமாக ஹெச்எஃப். "இதுல சிலிகாவைக் கரைச்சிட்டா வேலை முடிஞ்சுது சார்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உள்ளே வெற்றாக இருக்கும் கார்பன் நானோ உருண்டைகள்தான் அவருடைய ப்ராஜெக்ட். பேட்டரி, சூப்பர் கெப்பாசிட்டர் வேலைக்கு இதை நிறையப் பேர் முயல்கிறார்கள். பழகிய வழி இது: சிலிகா (மணலில் இருக்கும் அதே பொருள்) உருண்டை மேல் ரெசின் என்ற பிசினைப் பூசி, நைட்ரஜனில் 800 டிகிரி வாக்கில் சுட்டுக் கரியாக்கி, பிறகு உள்ளே உள்ள சிலிகாவைக் கரைத்து எடுப்பது. வில்லங்கம் அந்தக் கடைசி வேலையில்தான்.

மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், குழாயடிக்கு ஓடுவோம். நீர்த்த ஹெச்எஃப் பட்டால் பட்டதே தெரியாது. தோலைத் தாண்டிப் போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி சில மணி நேரம் கழித்து வரும், சிலருக்கு மறுநாள்கூட. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். பட்டவுடன் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பட்டது ஹெச்எஃப் என்று டாக்டரிடம் சொல்லவும் வேண்டும். ஜெல் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். தம்பி முழித்தார்.

சிலிகாதான் வேண்டும் என்றால் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலே அதைக் கரைத்துவிடும். நேரம் பிடிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடக்கூடாது. சிலிகாவுக்குப் பதில் எனக்குப் பிடித்தது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் உருண்டை. சிலை வார்ப்பவர்களுக்கு மெழுகு மாதிரி இது. சுடும்போதே 400 டிகிரி வாக்கில் சிதைந்து ஆவியாகிவிடும், கரைக்கிற வேலையே இல்லை. அந்தப் புகையில் ஸ்டைரீன் இருக்கும், அதனால் ஃபர்னஸில் புகை வெளியேறும் வாய், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டுக்குள் போக வேண்டும்.

உப்பை வைத்தும் செய்யலாம். 801 டிகிரியில் உருகும் என்பதால் அதற்குக் கீழே சுட்டு, தண்ணீரில் கழுவினால் போதும். ஆனால் உப்புத் துகள் எவ்வளவோ, குழியும் அவ்வளவுதான். மளிகைக் கடைத் தூள் உப்பில் நானோ வராது.

பாட்டிலை பைக்கில் திரும்ப எடுத்துப் போக நான் விடவில்லை. அப்புறம் பாலிஸ்டைரீனை வைத்து மூன்று முறை செய்தோம். இரண்டு முறை கார்பன் ஓடு நசுங்கிவிட்டது. மூன்றாவது முறை நிமிடத்துக்கு 1 டிகிரி என்று சூட்டை மெதுவாக ஏற்றியிருக்கிறோம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்துக்கு இன்னும் வரிசையில் நிற்கிறோம்.