பேரிங்: தாங்கியா, போதிகையா?

களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை எந்தப் பட்டறையில் காரை நிறுத்தி, முன்சக்கரத்தில் ஓர் இரைச்சல் கேட்கிறது, வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது என்று சொன்னாலும், ‘பேரிங் போயிருக்கும்’ என்ற விடைதான் முதலில் வரும். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் ‘தாங்கி’ என்பார்கள். அது சரியான சொல்தான். ஆனாலும் அதைவிடப் பொருத்தமான இன்னொரு சொல் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் தூண்களின் உச்சியிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் சுமத்தல், பொறுத்தல் என்ற பொருளில் வழங்கும் ‘பேர்’ என்னும் வினையிலிருந்து வந்த பெயர் பேரிங். சுழலும் உறுப்பின் பாரத்தைச் சுமந்துகொண்டே, அது தடையின்றிச் சுழலவும் இடம் கொடுக்கும் பகுதி என்பது அதன் பொருள். குண்டு இருந்தால்தான் பேரிங் என்பதில்லை. மாட்டுவண்டியில் அச்சும் சக்கரத்தின் நடுப்பகுதியான குடமும் உரசுகிற இடமும் பேரிங்தான். அங்கே இருந்தது எண்ணெயில் கரியைக் குழைத்த மசகு மட்டும். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்குக் குண்டுகளைப் பயன்படுத்தும் அமைப்புக்கு 1794-இல் காப்புரிமை பெற்றார். எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் அரைத்தெடுக்கும் எந்திரத்தை 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் உருவாக்கிய பிறகு அவை பெருமளவில் செய்யப்பட்டன.

‘ஹப்’ என்பதற்குச் சொல் தேடவே வேண்டியதில்லை. சக்கரத்தின் நடுப்பகுதி குடம், அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால், வெளிவட்டம் வட்டை, நடுவே நிற்பது அச்சு, சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102-ஆம் பாடல் சொல்கிறது. அதற்குச் ‘சேம அச்சு’ என்றே பெயர் இருந்தது. இவ்வளவு சொற்களை வைத்திருக்கும் நாம் காரின் சக்கரத்துக்குள் மட்டும் தமிழ் நுழையாது என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி அந்த இன்னொரு சொல். இலங்கைத் தமிழ்க் கலைச்சொற்களில் பேரிங்குக்குப் ‘போதிகை’ என்று பெயர்; பால் பேரிங் ‘குண்டுப்போதிகை’. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிரகாரத்தில் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். தூணுக்கும் அதன்மேல் கிடக்கும் உத்தரத்துக்கும் இடையில், இருபுறமும் கை நீட்டியதுபோல ஒரு கல் பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் போதிகை. மேலிருந்து வரும் பாரத்தை வாங்கித் தூணில் இறக்குவது அதன் வேலை. ‘தாங்கி’ என்னும் சொல் சுமப்பதை மட்டும் சொல்கிறது. இரண்டு உறுப்புகளுக்கு நடுவே நின்று, ஒன்றின் பாரத்தை மற்றொன்றுக்குக் கடத்துவதையும் ‘போதிகை’ காட்டிவிடுகிறது. நம் தொழிற்கல்வி நூல்களில் தாங்கி ஊன்றிவிட்டதால் அதை மாற்றச் சொல்லமாட்டேன். குண்டோ உருளையோ உள்ளவற்றுக்குப் பொதுப்பெயராக ‘உருள்தாங்கி’ என்றும், சக்கரத்தில் இருப்பதைக் ‘குடத்தாங்கி’ என்றும் எழுதலாம். போதிகை என்று யாராவது எழுதினால் அதை வேற்றுச்சொல்லாக ஒதுக்காமல் இருந்தால் போதும்.

பல சிறிய கார்களின் முன்சக்கரக் குடத்தாங்கியைக் கையில் எடுத்தால் வெளிவளையம், உள்வளையம், இடையே இரண்டு வரிசைக் குண்டுகள், அவற்றை இடைவெளிவிட்டுப் பிடிக்கும் கூடு, இருபுறமும் ரப்பர் மூடி என்று இருக்கும். வெளிவளையம், சக்கரத்தைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் ‘நக்கிள்’ என்ற உறுப்பில் அசையாமல் நிற்கும். உள்வளையம் குடத்தோடு சுழலும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் இறங்கி ஏறும்போது மூடி கெட்டிருந்தால் ஈரம் உள்ளே போகும். கழற்றிய பழைய தாங்கியைத் திறந்து பார்த்தால் கிரீஸ் செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். குண்டு ஓடும் பாதையில் எஃகு செதில் செதிலாகப் பெயர்ந்து சிறு குழிகள் தெரியும். உள்வளையத்தை விரலால் சுற்றினால் மணல் அரைபடுவதுபோலக் கரகரக்கும். காருக்குள் கேட்ட இரைச்சலின் பிறப்பிடம் அதுதான்.

எந்தப் பக்கம் கெட்டது என்பதற்கும் தடயம் உண்டு. இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தின்மேல் சாயும். அப்போது ஓசை கூடினால் பெரும்பாலும் வலப்பக்கத் தாங்கி. பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களுக்கு இந்த வளையங்களின் பெயர் மனப்பாடமாக இருக்க வேண்டும். நக்கிளுக்குள் புதிய தாங்கியை அழுத்தும்போது அழுத்தம் வெளிவளையத்தின்மேல் மட்டுமே விழ வேண்டும். குடத்தை அதற்குள் ஏற்றும்போது உள்வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மொத்த விசையும் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, பாதையில் தழும்பு விழுந்து, புதிய தாங்கி முதல் நாளே இரையத் தொடங்கிவிடும். சுத்தியலால் அடித்து இறக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். வீட்டில் பிரஸ் என்ற அழுத்து எந்திரம் இல்லையென்றால், பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் காலிபரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்து, நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அழுத்தி வாங்கி வருவது நல்லது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களில் பல தாங்கிகளின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அந்த முகம் சக்கர வேகத்தை அறியும் உணரி (சென்சார்) இருக்கும் பக்கம் வர வேண்டும். தாங்கி நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் அதன் காடியில் முழுமையாக உட்கார வேண்டும்.

குடமும் தாங்கியும் ஒன்றாகவே வந்து போல்ட்டில் மாட்டும் வகையும் உண்டு. ‘குடத்தாங்கித் தொகுதி’ என்று அதைச் சொல்லலாம். அதற்குப் பிரஸ் தேவையில்லை. எந்த வகையானாலும் அச்சு நட்டைப் புதிதாகப் போட்டு, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதை முடிக்கும்வரை காரின் பாரத்தை அந்தச் சக்கரத்தின்மேல் இறக்கக் கூடாது.