மெய்யியல்: சொல்லும் வகுப்பறையும்

ஆங்கிலத்தில் பிலாசபி என வழங்கும் துறைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் நிலைபெற்றுள்ளன. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தத்துவம் என்கிறோம். இலங்கைத் தமிழர் கல்வி வழக்கில் மெய்யியல் என்பதே பெயர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை என்றே ஒரு துறை இயங்குகிறது. பொதுப் பேச்சில் எதைச் சொன்னாலும் பொருள் விளங்கிவிடும். ஆனால், மக்களாட்சியைத் தாங்கி நடத்தும் குடிமக்களை உருவாக்க இத்துறையைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற கருத்தை எடுத்துப் பேசும்போது, இவ்விரு சொற்களில் எதைத் தேர்கிறோம் என்பது வகுப்பறையில் என்ன நடக்கப்போகிறது என்பதையே தீர்மானிக்கக்கூடும். அதனால் சொல்லின் வேரிலிருந்தே தொடங்குவது நல்லது.

மூலச்சொல் கிரேக்க மொழியின் ‘பிலோசோபியா’. விரும்புதலைக் குறிக்கும் ஒரு சொல்லும், மெய்யறிவைக் குறிக்கும் ‘சோபியா’ என்ற சொல்லும் சேர்ந்து உருவானது அது. தன்னை அறிவன் என்று சொல்லிக்கொள்ளாமல் அறிவை விரும்புபவன் என்று முதன்முதலில் சொல்லிக்கொண்டவர் பித்தாகரசு என்பது பழைய மரபுச் செய்தி. செய்தி வரலாற்று உண்மையோ இல்லையோ, சொல்லின் உட்பொருளை அது சரியாகவே காட்டுகிறது: அறிவு கைக்கு வந்துவிட்டது என்று எண்ணுபவனுக்கு இந்தச் சொல்லில் இடமில்லை, தேடிக்கொண்டிருப்பவனுக்கே இடம். கி.மு. 399-இல் ஏதென்சு நகரத்து நீதிமன்றம் சாக்ரடீசுக்குச் சாவுத் தண்டனை விதித்தபோது, இளைஞர்களைக் கெடுத்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. தீர்ப்பளித்தவர்கள் குடிமக்களிடையே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர்கள். மக்களாட்சிக்கும் மெய்யியலுக்கும் இளையோர் கல்விக்கும் இடையிலான உறவு இப்படி ஒரு கொடிய தீர்ப்போடுதான் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அவருடைய மாணவர் பிளேட்டோவே இளையோருக்கு இதைக் கற்பிக்கத் தயங்கினார். ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியில், வாதத்தின் சுவையை இளம் வயதில் கண்டவர்கள் அருகில் வருவோரையெல்லாம் இழுத்துக் குதறும் நாய்க்குட்டிகளைப் போலாகிவிடுவார்கள் என்று எச்சரித்து, முப்பது வயதுக்குப் பின்பே தேர்ந்தெடுத்த சிலருக்கு அப்பயிற்சியைத் தரலாம் என்கிறார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எதையும் மறுத்துப் பேசுவதே அறிவு என்று நினைக்கும் பழக்கம் இளமையில் வரக்கூடியதுதான். ஆனால், ஆட்சியைச் சிலரிடம் ஒப்படைக்க விரும்பிய பிளேட்டோவால் முப்பது வயது வரை காத்திருக்க முடிந்தது. 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 1989 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை தரும் இந்தியா போன்ற நாடு அப்படிக் காத்திருக்க இயலாது. வாக்குச்சாவடிக்குப் போகுமுன் ஒருவர் முறையாகப் பயின்ற இடம் பள்ளி ஒன்றே என்ற நிலைதான் கோடிக்கணக்கானோருக்கு உள்ளது.

இனித் தத்துவம் என்ற சொல். வடமொழியில் ‘தத்’ என்பது ‘அது’. அதனோடு தன்மை குறிக்கும் ஈறு சேர்ந்து ‘தத்துவம்’ ஆயிற்று. அதுவாயிருக்கும் தன்மை, ஒரு பொருளின் உள்ளியல்பு என்பது நேர்ப்பொருள். சாங்கியம் என்ற பழைய இந்தியச் சிந்தனை மரபு 25 தத்துவங்களையும் சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களையும் எண்ணிச் சொல்லும்போது, உலகம் எவற்றால் ஆனது என்பதற்கான அடிப்படைக் கூறுகளை அச்சொல் குறிக்கிறது. அந்த ஆட்சி ஆழமானது. அதை மாற்றவும் தேவையில்லை. சிக்கல் பிற்கால வழக்கில் வந்தது. வாழ்க்கை நிலையாமையைப் பாடும் திரைப்பாடல் தத்துவப் பாடல் ஆயிற்று. யாராவது பொதுப்படையாக ஓர் அறிவுரை சொன்னால் ‘தத்துவம் பேசாதே’ என்கிறோம். ஒரு கட்சியின் கொள்கையும் தத்துவம் எனப்படுகிறது. மூன்று வழக்கிலும் தத்துவம் என்பது முடிந்துபோன ஒன்று, ஒருவர் சொல்லிப் பிறர் கேட்டுக்கொள்வது. பள்ளியின் கால அட்டவணையில் ‘தத்துவம்’ என்று எழுதினால் மாணவரும் பெற்றோரும், ஏன் ஆசிரியருமே, அறிவுரை வகுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வர்.

மெய்யியல் என்ற சொல்லின் முதல் உறுப்பான மெய்க்குத் தமிழில் உண்மை என்றும் உடல் என்றும் பொருள் உண்டு. இலக்கணத்தில் ஒற்றெழுத்தையும் அது குறிக்கும். துறைப் பெயருக்கு வந்தது உண்மை என்ற பொருள். அதற்கு இலக்கியச் சான்று தேடினால் திருக்குறளில் ஒரு சிறப்பான செய்தி கிடைக்கிறது. ‘மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்ற முடிபு இரண்டு குறட்பாக்களில் வருகிறது. மெய்யுணர்தல் அதிகாரத்தில் ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்று தொடங்குவது 355-ஆம் குறள். அது துறவறவியலைச் சேர்ந்தது. அறிவுடைமை அதிகாரத்தில் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று தொடங்குவது 423-ஆம் குறள். அது பொருட்பாலில் அரசியல் என்ற இயலைச் சேர்ந்தது. துறவிக்குச் சொல்லும்போது பொருளின் தோற்றத்தைக் கடந்து மெய் காணச் சொல்கிறார். ஆள்பவனுக்குச் சொல்லும்போது சொன்னவர் யார் என்பதைக் கடந்து மெய் காணச் சொல்கிறார். இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆளும் உரிமை அரசனிடமிருந்து குடிகளிடம் வந்துவிட்ட பிறகு, யார் வாய்க் கேட்பினும் ஆராயும் கடமையும் அவர்களிடமே வந்து சேர்கிறது. தலைவர் சொன்னார், தொலைக்காட்சி சொன்னது, வாட்சப்பில் வந்தது என்பவற்றில் எதுவும் ஒரு கூற்றை மெய்யாக்கிவிடாது என்று உணர்வதற்கான பயிற்சியைத்தான் பள்ளி மெய்யியல் தர முயல்கிறது.

மெய்யியல் என்ற சொல்லுக்கும் குறை உண்டு. கிரேக்கச் சொல்லில் இருக்கும் விருப்பம் இதில் இல்லை. இயல் என்ற ஈறு, இயற்பியல், வேதியியல் போல இதுவும் முடிவுகளைத் தொகுத்துத் தரும் ஓர் அறிவியல் என்ற எண்ணத்தைத் தரலாம். அறிவுநாட்டம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விருப்பம் மீளும், ஆனால் அது எல்லாத் துறைக்கும் பொருந்திப் போகும். ஏற்கெனவே பல்கலைக்கழக வழக்கில் வேரூன்றிய சொல்லை விட்டுவிட்டுப் புதிதொன்றை நடுவதில் பயனில்லை. துறைக்கு மெய்யியல் என்பதே பெயராக இருக்கட்டும். வகுப்பில் நடக்கும் செயலுக்குத் தனிப்பெயர் வேண்டும். அதற்கு வருமுன் இக்கல்வி நடைமுறையில் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் மேல்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் மெய்யியல் கட்டாயப் பாடம். பக்கலோரியா இறுதித் தேர்வில் அதற்கு நான்கு மணி நேரம். ஒரு வினாவை எடுத்துக்கொண்டு மாணவர் தம் வாதத்தைக் கட்டுரையாக எழுத வேண்டும், அல்லது ஒரு பகுதியைப் படித்து விளக்க வேண்டும். உண்மை, நீதி, அரசு, கடமை, உழைப்பு, மொழி போன்ற கருத்துகளே பாடத்திட்டத்தின் உறுப்புகள். சிந்தனையைப் பயன்படுத்துவதன் வழியாகச் சுதந்திரத்தைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம் என்ற கருத்தை 1925-இல் கல்வி அமைச்சர் அனத்தோல் து மொன்சி வெளியிட்ட அறிவுரைகள் நிலைநிறுத்தின. அதற்கும் முன்பே இந்தப் பாடத்தின் அரசியல் பொருள் வெளிப்பட்டுவிட்டது. 1851-இன் இறுதியில், குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியன் நாடாளுமன்றத்தைக் கலைத்து முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார். அடுத்த ஆண்டே பள்ளி மெய்யியல், வாதம் சரியாக அமைந்ததா என்று மட்டும் பார்க்கும் அளவையியலாகச் (லாஜிக்) சுருக்கப்பட்டது. 1863-இல் விக்டர் துரூய் கல்வி அமைச்சரானபோதுதான் அது மீண்டும் இடம்பெற்றது.

பிரேசில் கதை இதைவிடத் தெளிவானது. 1964-இல் அங்கு இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1969-இல் ஒழுக்கமும் குடிமையும் என்ற பெயரில் ஒரு பாடத்தை எல்லா நிலைகளிலும் கட்டாயமாக்கியது. 1971-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் மெய்யியல் பள்ளிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. மக்களாட்சி திரும்பிய பின் 1996-இல் வந்த கல்விச் சட்டம், குடிமையை நடைமுறைப்படுத்தத் தேவையான மெய்யியல், சமூகவியல் அறிவு மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவருக்கு இருக்க வேண்டும் என்று எழுதியது. 2008-இல்தான் இரண்டும் மேல்நிலைப் பள்ளியின் எல்லா ஆண்டுகளிலும் கட்டாயப் பாடங்களாயின. 2017-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் அந்தக் கட்டாயத்தை மீண்டும் தளர்த்தியது. ஒழுக்கத்தையும் நாட்டுப்பற்றையும் போதிக்கும் பாடம் உள்ளே வர, ஆராயப் பழக்கும் பாடம் வெளியே போனது என்ற இந்த வரலாற்றைத் தமிழ் வாசகர் கவனமாகப் படிக்க வேண்டும் என விரும்புகிறேன். நம் பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பு என்ற ஒன்று நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடங்களில் அறவியலும் இந்தியப் பண்பாடும் என்பதும் இருக்கிறது. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. போதனையில் விடை முன்பே ஆசிரியரிடம் இருக்கிறது. மெய்யியலில் ஆசிரியரின் விடையும் ஆராய்ச்சிக்கு உட்பட்டது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

பிரான்சிலும் பிரேசிலிலும் இது பதின்ம வயதினருக்கான பாடம். சிறுவர்களிடம் அதைக் கொண்டுசென்றவர் அமெரிக்கரான மேத்யூ லிப்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1960-களின் இறுதியில் மாணவர் கிளர்ச்சிகள் நடந்த காலத்தில், காரணம் காட்டிப் பேசும் பழக்கத்தைக் கல்லூரியில் தொடங்குவது காலங்கடந்த செயல் என்ற முடிவுக்கு வந்தார். 1974-இல் நியூ செர்சி மாநிலத்து மாண்ட்கிளேர் கல்லூரியில், சிறுவர் மெய்யியலுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆன் மார்கரெட் சார்ப் அவருடன் பணியாற்றினார். முறை எளிமையானது. சிறுவர்களுக்கென எழுதிய கதையின் ஒரு பகுதியை மாணவர்கள் மாறி மாறி உரக்கப் படிப்பார்கள். கதை எழுப்பிய கேள்விகளை அவர்களே சொல்வார்கள். கேட்டவரின் பெயரோடு கேள்வி கரும்பலகையில் ஏறும். எதைப் பேசுவது என்று கூடித் தேர்ந்து, வட்டமாக அமர்ந்து பேசுவார்கள். ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’, ‘அவள் சொன்னதும் நீ சொன்னதும் ஒன்றா?’, ‘எதிர்ச்சான்று உண்டா?’ என்று ஆசிரியர் கேட்பார். விடையைச் சொல்ல மாட்டார். பிளேட்டோவின் அச்சத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. வாதத்தில் வெல்வதற்கு இங்கே பாராட்டு இல்லை. பிறர் சொன்னதைக் கேட்டுத் தன் கருத்தைத் திருத்திக்கொள்வதும் பயிற்சியின் பகுதி.

இங்கிலாந்தில் 48 தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையால் வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் உண்டு என்றது. பின்னர் இன்னும் பெரிய அளவில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் அப்பயன் உறுதிப்படவில்லை. வாசிப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இதை அளந்ததே பொருத்தமற்றது என்பது என் கருத்து. மாறுபட்ட கருத்துடையவரோடு அமர்ந்து பேசும் திறனை வளர்க்கிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

வட்டமாக அமர்ந்த அந்த வகுப்பை லிப்மன் ஆய்வுச் சமூகம் என்ற பொருள்படும் தொடரால் குறித்தார். அறிவியலாளர் கூடி மெய் காண்பதைப் பற்றிய அமெரிக்க மெய்யியலாளர் சார்லசு பியர்சின் கருத்தும், பள்ளி பற்றிய மற்றோர் அமெரிக்க மெய்யியலாளர் சான் தூயியின் (ஜான் டூயி) கருத்தும் அதற்கு அடிப்படை. தமிழில் இதற்கு என்ன சொல்வது? விசாரணை என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது, விசாரம் கவலையாகிவிட்டது. ஆராய்ந்து முடிவெடுத்தலைக் குறித்த சூழ்ச்சி என்ற நல்ல சொல், ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்ற 671-ஆம் குறளில் உயர்பொருளோடு நின்றது, இன்று சதியைக் குறிக்கிறது. ஆய்வு என்பது ஆய்வகத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியதாகிவிட்டது. எஞ்சுவது உசாவல். கேட்டறிதல், கலந்து ஆராய்தல் என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. துணைவரோடு சேர்ந்து செய்யும் செயல் என்பதை உசாத்துணை என்ற பழஞ்சொல்லே காட்டுகிறது. எனவே வகுப்பில் நடக்கும் செயல் மெய்யியல் உசாவல். அதைச் செய்வோர் கூட்டம் உசாவற்குழு.

குடிமை என்ற சொல்லையும் இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திருக்குறளில் குடிமை என்பது 96-ஆம் அதிகாரத்தின் பெயர். அங்கே அது நற்குடியில் பிறந்தாரின் பண்பு. இன்றைய பாடநூலில் குடிமையியல் என்பது பிறப்பு எதுவாயினும் ஒரே உரிமையுடையோரைப் பற்றிய பாடம். இந்தப் பொருள் மாற்றம் தானாக நிறைவுபெற்றுவிடவில்லை என்பதை அம்பேத்கர் அறிந்திருந்தார். கொலம்பியாவில் தூயியிடம் பயின்ற அவர், மக்களாட்சி ஆட்சிமுறை மட்டுமன்று, கூடிவாழும் முறை, அனுபவங்களை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் முறை என்ற ஆசிரியரின் கருத்தை 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது எடுத்தாண்டார். கூடி உட்காரவே தடையிருந்த சமூகத்தில், யார் வாய்க் கேட்பினும் என்ற நெறி, பேச உரிமை மறுக்கப்பட்டவரின் வாயிலிருந்து வருவதற்கும் செவிகொடுப்பதில்தான் தொடங்க முடியும். உசாவற்குழுவில் கடைசி இருக்கை மாணவியின் கேள்வியும் அவள் பெயரோடு கரும்பலகையில் ஏறுவது அதனாலேயே முறையின் உயிர்ப்பகுதியாகிறது.

தமிழில் இப்பாடத்தைப் பள்ளியில் தொடங்க நினைப்போர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. இலங்கையில் உயர்தர (பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளி நிலை) மாணவர்கள் அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடத்தைத் தமிழிலேயே படித்துத் தேர்வெழுதுகிறார்கள். அளவை, காண்டல், கருதல் போன்ற கலைச்சொற்கள் மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையிலேயே உள்ளன. அங்கே மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுப்பெறுகிறாள். கால அட்டவணையில் மெய்யியல், வகுப்பில் உசாவல், கருவியாக அளவையியல் என்று இச்சொற்களை இடமறிந்து ஆண்டால் போதும். தத்துவம் என்பது 25 என்றும் 36 என்றும் எண்ணப்படும் தன் பழைய இடத்தில் முழுப் பொருளோடு நிற்கட்டும்.